வானமலைக்கு வழிகாட்டி தேடிய வரலாறு

உலக மலைவேட்டையின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இமயத்திலும் அல்ப்ஸிலும் காலத்தை வீணாக்காமல் நேரே டென்மார்க்குக்கு வரவேண்டும். இங்கே மலையே இல்லை என்பது பொறாமைக்காரர் பரப்பும் செய்தி. சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் ஹிம்மெல்பியெர்கெட் இருக்கிறது. தமிழில் சொன்னால் 'வானமலை'. உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர். உச்சியில் ஐஸ்கிறீம் விற்கிறார்கள்.

அந்த மலையடிவாரத்தில் உதித்ததுதான் எங்கள் 'சில்க்போர்க் தமிழர் கால்நடை மலைவேட்டைக் கழகம்'. கால்நடை என்றால் நடந்து போவது. மாட்டுப் பண்ணையோ என்று நகரசபையிலிருந்து கேட்டு எழுதினார்கள், விளக்கம் அனுப்பிவைத்தோம். அங்கத்தவர் ஏழு பேர். பதினான்கு பக்கச் சட்ட யாப்பு, ஒரு முத்திரை, ஒரு பதாகை. துப்பாக்கி இல்லை. வேட்டை உரிமமும் ஒருவரிடமும் இல்லை. சுடுவது வழிகாட்டியின் பொறுப்பு, விழுந்த மானுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது அங்கத்தவரின் உரிமை என்று யாப்பின் ஆறாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நான் அந்தக் கழகத்தின் செயலாளர். ஆறாம் பிரிவை எழுதியவனும் நானே.

செப்டெம்பரில் நோர்வே மலைக்குப் போய்க் கலைமான் வேட்டையாடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆக, வழிகாட்டிதான் எல்லாம். நூலகத்தின் மேல்மாடி அறையை எடுத்து நேர்முகத் தேர்வு வைத்தோம். தலைவர் இராசரத்தினம் அண்ணை நடுவில், நான் வலப்பக்கம், உபதலைவி தங்கமலர் இடப்பக்கம்.

முதலில் வந்தவன் சுஜிந்தன். முப்பத்தொரு வயது, இறைச்சிப் பெக்டரியில் வேலை. வேட்டை உரிமம் வைத்திருந்தான். ஆறு வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலமும் நோர்வேயில் ஸ்ரெபானி என்ற பெண்மணி நடத்தும் வேட்டை நிறுவனத்தோடு மலையேறியிருக்கிறான்.

"எனக்குக் காசு வேண்டாம் அண்ணை. 'உன்னை நம்பி ஒரு குழு வரட்டும், அவையள் உன்னை வழிகாட்டியாத் தெரிவுசெய்தது எண்டு கடிதம் கொண்டுவா, நிரந்தரமா எடுக்கிறன்' எண்டு ஸ்ரெபானி சொல்லிப்போட்டா. ஜூனுக்குள்ளை குடுக்கவேணும். அந்தக் கடிதம் ஒண்டு தந்தால் காணும். பெக்டரியை விட்டிடுவன்."

மலை, காற்று, மானின் பழக்கம் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். தலைவர் அதையெல்லாம் பொறுமையாகக் கடந்து, வேட்டைக்கு அத்தியாவசியமான கேள்விக்கு வந்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"சில்க்போர்க்."

"அது தெரியுது. சொந்த ஊர்?"

"இஞ்சை ஆஸ்பத்திரியிலைதான் பிறந்தனான் அண்ணை."

"சரி, அப்பாவின்ரை ஊர்?"

சொன்னான். தலைவரின் முகம் மலர்ந்தது.

"அட, அங்கையோ! அதிலை எந்தப் பக்கம்?"

"தெரியாது அண்ணை. நான் ஒருக்காலும் போனதில்லை. அப்பா ஊரைப்பற்றிக் கதைக்கிறேல்லை."

தங்கமலருக்குப் பொறுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்தவள், யாருக்கும் பயமில்லை. "மலைக்கு ஆள் எடுக்கிறியளோ, மகளுக்கு மாப்பிளை எடுக்கிறியளோ?"

"பிள்ளை, மலையிலை எல்லாருக்கும் ஒரே கூடாரம், ஒரே சட்டி. அவர் முன்னாலை போவார், நாங்கள் பின்னாலை போறது. ஆர் எவர் எண்டு தெரியவேண்டாமோ?" என்றார் தலைவர்.

இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். வரவேயில்லை. நாங்கள் சாதியை விமானம் ஏறும்போதே விட்டுவிட்டு வந்தவர்கள். 'பக்கம்' மட்டும்தான் கொண்டுவந்தோம்.

மலைவேட்டையில் தலையாய கலை தடம் பார்த்தல். அந்தப் பொறுப்பைக் கழகத்தின் நலன் கருதி நானே ஏற்றேன். அவன் அப்பாவின் ஊர் என் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட ஊர். அன்றிரவு வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி மூன்று தொலைபேசி அழைப்புகள்: ரொறன்ரோவிலிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், பாரிஸில் ஒரு மச்சாள், ஊரிலேயே ஓய்வுபெற்ற ஒரு தபாற்காரர். நாற்பது நிமிடத்தில் தடம் கிடைத்தது. ஒரு ஒழுங்கை, ஒரு புளியமரம், அவன் தாத்தாவை ஊர் கூப்பிட்ட ஒரு பெயர். தலைவரின் காதுக்குள் ஒரே ஒரு சொல் சொன்னேன். "ம்" என்றார். அறிக்கைப் புத்தகத்தில் 'விண்ணப்பதாரருக்கு மலை அனுபவம் போதாது' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகானது.

அடுத்த கிழமை தேர்வுக்கு வந்தவர் சிவபாலன், தலைவரின் மச்சான். ஓகூஸ் நகரில் வாங்கிய பச்சை ஜக்கெற், பச்சைத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. மலை அனுபவம்: தேனிலவுக்குச் சுவிஸ் மலையில், ரயிலில்.

"வேட்டை உரிமம்?"

"விண்ணப்பப் படிவம் இறக்கி வைச்சிருக்கிறன்."

ஏகமனதாகத் தெரிவானார் (தங்கமலர் எதிர்ப்பு). பொன்னாடை போர்த்தினோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஒத்திகைக்காக வானமலைக்குப் போனோம். "வேட்டைக்காரர் பாதையாலை நடக்கிறேல்லை" என்று சிவபாலன் எங்களைக் காட்டுக்குள் இறக்கினார். மழை பிடித்தது. பனிப்புகார் மூடியது. இரண்டு மணி நேரத்தில் உட்காரும் மரவாங்கு ஒன்றையே மூன்று தடவை கண்டோம்.

"மச்சான், நாங்கள் ஏறுறமோ இறங்குறமோ?" என்று தலைவர் கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றார் வழிகாட்டி.

குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு டெனிஷ்காரி கீழே பாதையால் போனாள். உதவி வேண்டுமா என்று கூப்பிட்டுக் கேட்டாள். "இல்லை, பயிற்சி!" என்று எல்லோரும் கம்பீரமாகக் கை காட்டினோம். அவள் போனபின் பாதை எந்தப் பக்கம் என்பது மறுபடி மறந்துபோயிற்று. அவசரத்தில் இறங்கப்போய்த் தலைவர் கால் சுளுக்கிச் சேற்றில் குந்திவிட்டார். "ஐயோ அம்மா, செத்தன்!" என்று கத்தினார். உதடு நீலம் பாரித்துப் பல் கிடுகிடுத்தது.

தங்கமலர் யாரையும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தாள். அரை மணி நேரத்தில் சுஜிந்தன் வந்து நின்றான். எங்கள் சப்பாத்துத் தடத்தைப் பார்த்தே வந்தானாம். தன் ஜக்கெற்றைக் கழற்றித் தலைவருக்குப் போட்டு, பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினான். அவனுடைய கோப்பை ஒன்றுதான். தலைவர் இரண்டு தரம் குடித்தார், நான் ஒரு தரம். பிறகு அவரை முதுகில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். மழைக்குள் 'பக்கம்' எதுவும் தெரியவில்லை.

உலர்ந்ததும் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் சுஜிந்தனுக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றினோம். சிவபாலன் வழிகாட்டியாகத் தொடர்வார். சுஜிந்தன் விரும்பினால் மலையில் எல்லோருக்கும் முன்னால் நடக்கலாம், ஆனால் வழிகாட்டியாக அல்ல. தங்கமலர் "தூ!" என்று எழும்பிப் போய்விட்டாள். அவளுடைய ராஜினாமாவைக் கவலையுடன் ஏற்றுக்கொண்டோம்.

கடிதத்துக்காக அவன் வெளியே காத்திருந்தான். நானே டெனிஷில் தட்டி, முத்திரை குத்திக் கொடுத்தேன்: 'இவர் பாரம் தூக்குவதில் வல்லவர்.'

வாசித்தான். மடித்து மேசையில் வைத்தான்.

"இது வேண்டாம் அண்ணை. நாளைக்குக் காலமை பெக்டரியிலை சிப்ட். ஒண்டு கேக்கவோ? நீங்கள் போன் எடுத்து விசாரிச்சனீங்களாம். அப்பா சாகிற வயசிலையும் சொல்றாரில்லை. எங்கடை வீடு எங்கை இருந்தது?"

கேட்டானே ஒரு கேள்வி! எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"கோயில் தெற்கு வாசலிலை நில் தம்பி. நேரை போ. வாசிகசாலை வரும். இடக்கைப் பக்கம் திரும்பாதை, அது எங்கடை சின்னம்மா வீட்டு ஒழுங்கை. அதுக்குள்ளை உங்கடை ஆக்கள் கிணத்தடி மட்டும்தான் வரலாம். அங்காலை புளியமரம், அதுக்குப் பின்னாலை மூண்டாவது வளவு."

"கிணத்தடிக்கு ஏன் வாறது?"

"தண்ணிக்கு. நாங்கள் அள்ளி ஊத்துவம்."

"எதுக்குள்ளை?"

"கைக்குள்ளைதான். எங்கடை ஏனத்தைத் தொட விடுறேல்லை."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

நூற்று நாற்பத்தேழு மீற்றர் மலையில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியாமல் நின்றவன் நான். அப்படிப்பட்ட நான், இந்த மண்ணில் பிறந்த ஒரு பிள்ளையை, அவன் கண்ணாலும் காணாத ஒரு கிணற்றடிக்கு, ஓரடி பிசகாமல் கூட்டிப்போய் நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு வழிகாட்டியைக் கழகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வீணாக வெளியே தேடியிருக்கிறோம்.