மலை வளைவில் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தது குறித்துச் சம்பந்தியம்மாவுக்கு விளக்கம்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

தியாகதுருகத்தில் சகல மரியாதையோடும் வாழ்ந்துவரும் சம்பந்தியம்மா திருமதி கொளஞ்சியம்மாள் அவர்களின் சமூகத்துக்கு, பார்சல் வண்டி டிரைவர் தங்கதுரை கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி பச்சையம்மாளும் மகள் செந்தமிழ்ச்செல்வியும் உடம்பளவில் நலம். அங்கு உங்கள் நலத்தையும், ஐயாவின் சர்க்கரை அளவையும், சினையாக இருக்கும் சிவப்பு மாட்டின் நலத்தையும் அறிய ஆவல். ஐயாவுக்குத்தான் முதலில் எழுத நினைத்தேன். "வூட்ல எதுவா இருந்தாலும் அவதான், எனக்கு எழுதி இன்னா ஆவப்போவுது?" என்று போனில் அவரே சொல்லிவிட்டார். உங்களுக்குப் போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. நேற்று ஒருமுறை எடுத்தீர்கள். ஆனால் போனை மாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள் போலிருக்கிறது. நான் என் நியாயத்தையெல்லாம் விளக்கமாகச் சொல்லி, கண் கலங்கி, மன்னிப்பும் கேட்டு முடித்த பிறகு, மறுமுனையிலிருந்து "ம்மா" என்று பதில் வந்தது. அதனால்தான் கடிதம்.

"நடுரோட்ல என் புள்ள சட்டையப் புடிக்கிற ஆளு வூட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன், பத்திரிகை அடிக்கிற வேலைய நிறுத்துங்க" என்று நீங்கள் சொல்லியனுப்பிய நாளிலிருந்து பச்சையம்மாள் என்னோடு பேசுவதில்லை. மகள் பேசுகிறாள்; அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும், பாதியில் மாட்டிடம் கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் நாத்தனார் பாப்பாத்தி அம்மாள் பொய் சொல்கிறவர் அல்ல. வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவர் பார்த்தது அத்தனையும் உண்மை. கொண்டை ஊசி வளைவில் எங்கள் கம்பெனி வண்டி நின்றது உண்மை. நான் உங்கள் மகன் இளவரசனின் சட்டையைப் பிடித்தது உண்மை. அவர் என் சட்டையைப் பிடித்தது அதைவிட உண்மை. பொத்தான்கள் போனது எனக்குத்தான். எங்கள் மேனேஜர் பிரவீன்குமார் பக்கத்திலேயே ஒரு கல்லின்மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததும் உண்மை. ஆனால் வளைவில் பஸ் விடாமல் ஹாரன் அடித்ததால், நாங்கள் என்ன சொல்லிக் கத்தினோம் என்பது மட்டும் அவர் காதில் விழவில்லை. "தப்பு என்னுது" என்று நான் கத்தினேன். "இல்ல மாமா, என்னுது" என்று உங்கள் மகன் கத்தினார். அது சண்டை அல்ல சம்பந்தியம்மா, பாசம். கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. பார்சல் வண்டி வழியில் நின்றால் ஏன் நின்றது என்று கேட்கமாட்டார்கள். யாரால் நின்றது என்றுதான் கேட்பார்கள். சென்னையில் இருக்கும் ஹெட் ஆபீசுக்கு ஒரே ஒரு பெயர் போக வேண்டும். ஓட்டிய டிரைவர் பெயர், இல்லாவிட்டால் வண்டியைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் பெயர். இந்த ஊரில் டிரைவர் நான், மெக்கானிக் உங்கள் மகன். அப்புறம் நாங்கள் எப்படி இருந்திருப்போம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிரேக் கத்துகிறது என்று நான் சொன்னால், "பிரேக்கு நல்லாத்தான் இருக்குது சார், டிரைவருக்குத்தான் காது ஜாஸ்தி கேக்குது" என்பார். கிளட்ச் ஏன் தேய்ந்தது என்று மேனேஜர் கேட்டால், "அவரு கால எடுத்தாத்தானே சார்? தூங்கறப்பகூட கிளட்ச் மேல கால வெச்சுக்கினுதான் தூங்குவாரு" என்பார். நானும் விட்டேனா? அவர் ஸ்பேனர் பிடிப்பதைப் பார்த்தால் கரண்டி பிடிப்பதுபோல் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஒருமுறை டயர் பஞ்சரானபோது, ஆணி மேல் ஏற்றியது டிரைவர் தப்பா, ஆணி ஏறும்படியான டயரை மாட்டியது மெக்கானிக் தப்பா என்று பேசிப் பேசிப் பொழுது சாய்ந்தது. டயரை மாற்ற வேண்டும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் எனக்கு இதே பேச்சுத்தான். ஒருநாள் என் மகள், "தெனமும் சோத்துல கைய வெச்சுக்கினு அந்த ஆளப் பத்தியே பேசறியேப்பா, அப்பிடி இன்னாதான் கீறாரு அவரு? நானே ஒரு தபா பாக்கறேன்" என்று சொல்லி, நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு நான் தூக்கை மறக்காத நாட்களிலும் எனக்குச் சாப்பாடு வர ஆரம்பித்தது. மீதியெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டுக் கூடத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அன்றோடு எங்கள் வாய்கள் இரண்டும் அடைத்துப்போயின. வருங்கால மாப்பிள்ளையைப் பற்றி மேனேஜரிடம் கோள் சொல்ல எந்த மாமனாருக்கு மனசு வரும்?

சரியாக அந்த நேரம் பார்த்து ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: இனி வண்டி நின்றால், யார் பெயர் வருகிறதோ அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வெள்ளிமலைக்குப் பார்சல் ஏற்றிக்கொண்டு போன என் வண்டி வளைவில் இருமியது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருகினேன், ஒரு சத்தமும் இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு யோசித்தேன். மெக்கானிக் பெயர் போனால் மாப்பிள்ளைக்கு வேலை போகும், என் மகள் கல்யாணத்தன்றே வேலையில்லாதவன் பெண்டாட்டி ஆவாள். மேனேஜருக்குப் போன் போட்டு, "சார், கியர மாத்தி போட்டுட்டேன், தப்பு என்னுது, என் பேர எழுதிக்கங்க" என்றேன். இளவரசன் பைக்கில் வந்து சேர்ந்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. வருங்கால மாமனார் வேலை தன்னால் போனது என்று உங்கள் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் போய் அவரும் மேனேஜருக்குப் போன் போட்டார்: "சார், கிளட்ச் பிளேட்ட நான் பாக்காம வுட்டுட்டேன், என் பேர எழுதிக்கங்க."

மேனேஜர் சின்னப் பையன்தான், படித்தவர், நல்லவர். ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்கே வந்துவிட்டார். "இத்தினி வருசமா ஒரு பேரு குடுங்கன்னு கெஞ்சினேன், ஒருத்தரும் குடுக்கல. இப்ப ரெண்டு பேரு குடுத்தா நான் இன்னா பண்றது? ரிப்போர்ட்ல பேரு எழுத ஒரு கட்டம்தான்ணே இருக்குது! நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். நாங்கள் பேசினோம். பேச்சு பிடியாக மாறியது. பஸ் இறங்கியது. பாப்பாத்தி அம்மாள் எட்டிப் பார்த்தார். இவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னால்தான் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். "ரெண்டு பேர் சொல்றதையும் நம்ப மாட்டேன், வண்டி எப்பிடி நின்னுச்சோ அதே மாதிரி என் கண்ணு முன்னாடி நிக்கணும்" என்று மேனேஜர் எழுந்தார். நான் ஏறிச் சாவியைத் திருகினேன். அந்தப் படுபாவி வண்டி, முதல் திருகிலேயே, ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கியதுபோல் ஓடத் தொடங்கியது. மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். வளைவுக்கு வளைவு வண்டி பறக்கிறது. ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து வண்டி நிற்கக் கூடாது என்று வேண்டியவன், முதல்முறையாக, நின்று தொலை தாயே என்று வேண்டினேன். வெள்ளிமலையே வந்துவிட்டது. அங்கே ரெக்ஸ் என்று ஒரு வாத்தியார், வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் நடக்கிற மிஷின் வாங்கியிருந்தார். சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு அவருக்கு எதற்கு அது என்று கேட்காதீர்கள், நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள்தான். வாசலில் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பிரேக்கை மிதிக்கப் போனேன். மேனேஜர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நிப்பாட்டாதீங்கண்ணே! நீங்க நிப்பாட்டினா கணக்குல வராது, அதுவா நிக்கணும்!"

வண்டி வாத்தியாரைத் தாண்டிப் போனது. "யோவ், என் மிஷினு!" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பினோம்; அவரும் சுற்றிக்கொண்டு திரும்பினார். கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். கடைசியில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோதுதான் நிறுத்த முடிந்தது. ஆடுகள் பெயரைப் போடலாமா என்று இளவரசன் மெதுவாகக் கேட்டார், மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த வாத்தியார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "இதுக்கு மேல எனக்கு எதுக்குங்க அது? திருப்பி எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தும் வண்டி நிற்கவில்லை. வளைவு வரை இறங்கித் திருப்பி, மறுபடியும் மேலே ஏற்றினோம். நிற்கவில்லை. மேனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது. "ரெண்டு பேரும் கூட்டு சேந்துக்கினு வண்டிய நல்லா ஓட்டறீங்க, எறங்குங்க" என்று அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். வளைவுக்கு வந்தார். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. பின்னால் நடந்து வந்த நாங்கள் இருவரும் ஜன்னலோரம் போய், ஒரே குரலில், மரியாதையாகத்தான் கேட்டோம்: "சார், யார் பேருங்க எழுதறது?"

மேனேஜருக்கும் வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. மூன்று பேரும் அந்தக் கல்லில் உட்கார்ந்து யோசித்து, கடைசியில், பொறுப்பாளி என்ற கட்டத்தில் 'மலை' என்று எழுதி அனுப்பினோம். மறுநாளே ஹெட் ஆபீசிலிருந்து பதில் வந்தது. 'திரு. மலை அவர்களை உடனடியாக வேலையிலிருந்து நீக்கவும். அடையாள அட்டையையும் சீருடையையும் திரும்பப் பெறவும். அவர் செல்போன் எண் விட்டுப்போயுள்ளது.' உத்தரவை மீற முடியுமா? மேனேஜர் நீக்கல் கடிதத்தை வளைவில் இருக்கும் தடுப்புக் கம்பியில் கட்டிவிட்டு வந்தார். திரு. மலை இதுவரை மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை. எங்கள் மூன்று பேர் வேலையும் தப்பியது.

இவ்வளவுக்கும் பிறகுதான் இளவரசன் பானெட்டைத் திறந்து பார்த்தார். ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. வண்டி குலுங்கினால் விலகும், தோன்றினால் ஒட்டிக்கொள்ளும். இறுக்கி முறுக்கினார், வேலை முடிந்தது. அந்த ஒயரை யார் தளரவிட்டது என்று கேட்க மேனேஜர் வாயைத் திறந்தார்; பிறகு அவரே மூடிக்கொண்டார்.

ஆகவே சம்பந்தியம்மா, என் மேல் கோபம் வேண்டாம். எனக்காக வேலையையே விட்டுக்கொடுக்கத் துணிந்த பிள்ளை அவர். அப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற உங்கள் காலில் விழவும் தயாராக இருக்கிறேன். எங்களுக்குள் இனி இந்த ஜென்மத்தில் ஒரு வார்த்தை தடிக்காது. பத்திரிகையை அச்சுக்குக் கொடுங்கள். ஐயாவுக்கு என் வணக்கம், பாப்பாத்தி அம்மாளுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம், மாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டுகிறேன். உங்கள் குலம் விளங்கட்டும், எங்கள் பெண் அதை விளங்க வைக்கட்டும்.

என்றும் உங்கள் பிரியத்துக்குக் காத்திருக்கும்,
தங்கதுரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மேனேஜர் போன் செய்தார். இரண்டு பேர் பெயர் கொடுத்த கதை எப்படியோ ஹெட் ஆபீஸ் பெரியவர்கள் காதுக்குப் போய், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து 'தப்பு என்னுது' என்று சொன்ன ஆள் ஒருவரும் கிடையாது என்று ஆச்சரியப்பட்டு, அப்படிச் சொன்னவரை ஆண்டு விழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்துக் காலண்டரில் படமும் போடப்போகிறார்களாம். ஒரே ஒரு ஆளுக்குத்தானாம். நான் என் பெயரைச் சொன்னேன். உங்கள் மகன் எனக்கு முன்னாலேயே அவர் பெயரைச் சொல்லிவிட்டாராம்! போன் போட்டுக் கேட்டால், "ஒயரு மெக்கானிக் வேலை மாமா, அதுல உங்களுக்கு இன்னா வேலை?" என்கிறார். சம்பந்தியம்மா, அது நான் ஓட்டி, நான் நிறுத்திய வண்டி. அந்தத் தப்பில் உங்கள் மகனுக்கு எள்ளளவும் பங்கு கிடையாது. ஸ்பேனரைக் கரண்டி மாதிரி பிடிக்கிற ஒருவர் என் தப்பை அபகரிக்க நான் விடமாட்டேன். அவர் விலகிக்கொள்ளும் வரை கல்யாணப் பேச்சே வேண்டாம், நீங்கள் சொன்னதுதான் சரி. "அவர் படம் போட்ட காலண்டர் இந்த வூட்ல தொங்காது" என்று மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இங்க எதுக்குப்பா? எங்க வூட்ல மாட்டிக்கிறோம்" என்கிறாள்.