கிரீடம் போட்ட துப்பாக்கி

படித்தவனிடம் அபிப்பிராயம் கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டுவிட்டாலோ, குலதெய்வமே வந்தாலும் அவனை அடக்க முடியாது.

எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் மழைக்குக்கூட யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. என் மெட்ரிக்குலேஷன்தான் குடும்பச் சொத்து. அதை நம்பித்தான் அம்பாசமுத்திரத்துப் பண்ணையார் ஒருவர் தம் மகள் ஜாதகத்தை அனுப்பியிருந்தார். தச்சநல்லூரிலிருந்து அப்பாவும் நானும் வில்வண்டியில் போய் இறங்கினோம். (வண்டி இரவல், மாடு இரவல், என் கோட்டும் இரவல்.)

பண்ணையாருக்கு அன்று கல்யாண நினைப்பே இல்லை. மலையடிவாரத்து வயலில் காட்டுப்பன்றி அட்டகாசம். லைசென்ஸ் வாங்கிவிட்டு, தூத்துக்குடி மரைக்காயர் ஒருவரை வரவழைத்திருந்தார். கப்பலில் வந்த இரண்டு துப்பாக்கிகள் பெஞ்சில் கிடந்தன. கதவுத் தாழ்ப்பாள்போல இழுத்து, தோட்டா போட்டுச் சாத்துகிற ரகம்.

"மாப்ள, நீரு இங்கிலீஷ் படிச்சவரு. எது அசல் சீமைச் சரக்குன்னு பார்த்துச் சொல்லும்வே. பொறவு தட்டு மாத்திக்கிடுவோம்."

நான் அதுவரை நாட்டுத் துப்பாக்கியைத்தான் பார்த்திருந்தேன், அதுவும் காவல்காரர் தோளில். ஆனாலும் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினேன். முதல் துப்பாக்கிக்குள் சுருள்சுருளாகக் கோடுகள். இரண்டாவது உள்ளே வழுவழுவென்றிருந்தது.

"முதலாவதில் பூராவும் கீறல். ஏமாற்றுச் சரக்கு!"

"தம்பி, அந்தக் கோடு வந்து…" என்றார் மரைக்காயர்.

"வியாபாரிகள் சமாதானம் சொல்வது சகஜம்" என்று செந்தமிழில் அவரைக் கையமர்த்தினேன். வழுவழுப்பானதன் மேல் குட்டிக் கிரீடம் ஒன்று பொறித்திருந்தது. ரூபாயிலிருக்கிற கிரீடம் எனக்குத் தெரியாதா? "நம் சக்கரவர்த்தியின் முத்திரை! அசல் இங்கிலாந்து!"

"ஜெர்மன்காரனுக்கும் ராசா உண்டுல்லா தம்பி" என்று முனகினார் மரைக்காயர். யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு எதிரே வயல் வரப்பில் ஒரு தடியங்காயை, அதாவது சாம்பல் பூசணியை வைத்தார்கள். பண்ணையார் நான் சொன்ன கிரீடத் துப்பாக்கியால் சுட்டார். தடியங்காய் அசையவில்லை. வெகுதூரம் தள்ளி, அவிழ்த்து நிறுத்தியிருந்த எங்கள் வில்வண்டிக் கூண்டில் நீளவாக்கில் ஒரு ஓட்டை.

"ஏலே, வண்டி குடுத்தவனுக்கு என்னத்தலே சொல்லுவேன்?" என்று அப்பா தலையில் கைவைத்தார்.

மரைக்காயருக்கு இப்போதுதான் பேச இடம் கிடைத்தது. அந்தச் சுருள்கோடுதான் குண்டைச் சுழற்றி நேரே அனுப்புமாம். இரண்டாவது, சுட்டுச் சுட்டுக் கோடே தேய்ந்துபோன ஜெர்மன் கிழமாம். நான் கழித்துக்கட்டியதுதான் அசல் இங்கிலாந்து. அதன் கிரீடம் குழலைத் தாங்கும் மரக்கட்டைக்கடியில் ஒளிந்திருந்தது.

பண்ணையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சம்பந்தம் போயிற்று என்று கோட்டைக் கழற்றத் தொடங்கினேன்.

"தேஞ்சதப் போயி அசலுங்காரு. இவரு எம்பொண்ணுகிட்ட ஒரு குறையும் கண்டுபிடிக்க மாட்டாருவே. தட்ட எடுங்க!"

உள்ளேயிருந்து வளையல் குலுங்க ஒரு சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்போடுதான் இன்றுவரை குடித்தனம். நேற்று ரசம் பிரமாதம் என்றேன். உடனே எழுந்துபோய் உப்பு எடுத்துவந்தாள்.