மைதானம் களைகட்டவில்லை என்கிறவர்

கால்பந்து மைதானங்களில் மட்டுமே காணக்கிடைக்கிற ஒரு ரகத்தைப் பற்றி இன்று சொல்லப்போகிறேன். இவர் ஆட்டக்காரர் இல்லை, நடுவர் இல்லை, பொழுது போகாமல் வந்தவரும் இல்லை. இருப்பதிலேயே விலை கூடிய இருக்கையில், மெத்தையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "முன்ன மாதிரி இல்ல சார், களையே கட்டல" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் முறையிடுகிறவர். பக்கத்து இருக்கைக்காரரும் அதே ரகம்தான். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை வாயைத் திறந்து கத்தியிருந்தால் அந்த வரிசையாவது களைகட்டியிருக்கும். செய்வார்களா? மாட்டார்கள்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வருவார். வந்து, வரிசை முழுவதையும் எழுந்து நிற்கவைத்து, அத்தனை பேர் காலையும் மிதித்து, தன் இருக்கையைத் துடைத்து, கழுத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத அணித் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் காபிக் கோப்பையும் மறு கையில் செல்போனுமாக அமர்வார். கை தட்ட வேண்டுமென்றால் மூன்றாவது கை வேண்டும். கோல் விழுந்தால் செல்போனைத் தூக்குவார். ஆட்டம் முடிவதற்கு முன்பே காரை எடுக்கக் கிளம்பிவிடுவார். கடைசி நிமிடத்தில் விழுந்த கோலை மறுநாள் அலுவலகத்தில் நேரில் பார்த்த மாதிரி விவரிப்பார். நெரிசலில் மாட்டாமல் வீடு போய்ச் சேர்ந்ததையும் அதே மூச்சில் விவரிப்பார்.

டிக்கெட் விலை ஏறினால் என்ன செய்வார் என்கிறீர்களா? ஒரு நாள் புலம்புவார். இரண்டாம் நாளிலிருந்து அந்த விலையைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிவார். "விலை ஏறினாத்தான் சார் ஒரு தராதரம் இருக்கும். கண்டவனும் உள்ள வந்துடக் கூடாதில்ல?" என்பார். ஒரு வாய் காபி குடிப்பார். "ஆனா ஒண்ணு சார், அந்தக் காலத்துச் சத்தம் இல்ல" என்பார். அந்தச் சத்தத்தைப் போட்டது யார், அந்தக் கண்டவன்தானே என்று நீங்கள் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பேச்சை மாற்றி, புல்தரையின் தரம் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இந்த ரகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. யார் வண்டி எங்கே மோதியது என்று வருகிற மனுக்களைப் படித்து, "இப்படி மோதியிருக்கவே முடியாதே" என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். திங்கட்கிழமை காலையில் அவர் செல்போனில் முந்தின நாள் ஆட்டத்தைப் பார்க்காமல் யாரும் அவரைக் கடந்து போக முடியாது. அதில் ஆட்டமும் இருக்காது, அவர் குரலும் இருக்காது. மற்றவர்கள் கத்துவது மட்டும்தான் இருக்கும். வரவர அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

குறைந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரிப் பட்டறையில் வெல்டர். மைதானத்தில் அவனைத் 'தொண்டை' என்றால்தான் தெரியும். வடக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் சிமென்ட் படிகளாக ஒரு கேலரி இருந்தது. இருக்கை கிடையாது, எண் கிடையாது, முதலில் வந்தவன் முதல் படி. தொண்டை முதல் படியில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவன் பாட்டில் ஓர் அடி எடுத்துக்கொடுத்தால் கேலரி மொத்தமும் அடுத்த அடியைத் திருப்பிக் கத்தும். அணி போட்ட கோல்களில் பாதியை அவன் பார்த்ததே இல்லை. எதிரே நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். கொஞ்சம் கர்வம் உண்டு. ஆட்டத்துக்கு முதல் நாள் யாரிடமும் உரக்கப் பேச மாட்டான், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருப்பான் என்று அவன் அக்கா சொல்லிச் சிரிப்பார்.

கிளப் நிர்வாகம் கேலரிக்கு விலையை ஏற்றியது. பேசாமல் கொடுத்தார்கள். பிறகு படிகளில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பதித்து, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, மறுபடியும் விலையை ஏற்றியது. யாருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டர் தீர்மானித்தது. தொண்டை ஒரு மூலையில், அவன் பாட்டுக்கு மேளம் அடிக்கிறவர் இன்னொரு மூலையில், நடுவில் வெளியூரிலிருந்து வந்து நொறுக்குத் தீனி கொறிக்கும் குடும்பங்கள். பாட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதற்குள் பந்து மூன்று தடவை கைமாறியது. அடுத்த விலையேற்றத்தில் தொண்டையும் அவன் கூட்டாளிகளும் வரவே முடியாமல் போனது. மைதானத்துச் சுவருக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. அங்கே இருந்த டிவியின் முன்னால், டயர்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மைதானம் அமைதியானது. நூலகத்தில்கூட யாராவது இருமுவார்கள். இங்கே அதுவும் இல்லை. கிளப்புக்கே கவலை வந்து, ரசிகர்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். மெத்தை இருக்கைகள் உள்ள மேற்கு ஸ்டாண்டு ரசிகர்களின் பிரதிநிதியாக நம்மவருக்கு அழைப்பு வந்தது. சேதி கேள்விப்பட்டுத் தொண்டை வேலை உடுப்போடு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டான்.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கேலரில அந்த நாற்காலியெல்லாம் எடுத்துட்டு, பழைய விலைக்கே விட்டுடச் சொல்லுங்க. என் பொண்ணு இன்னும் அந்தப் படில நின்னதே இல்ல மாமா. நீ எங்கப்பா நின்னு கத்துவேன்னு கேக்கறா."

நம்மவர் அவன் தோளில் தட்டினார். "கவலைய விடு மச்சான். நான் பாத்துக்கறேன். என்னைவிட யாருக்கு அந்த ஆதங்கம் இருக்கு?"

கூட்டத்துக்கு நானும் போனேன். அவர் பேசுவதைப் படம் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே பேசினார். "மைதானம்னா அது ஒரு உயிர் சார்! அந்த உயிர் எங்க சார் போச்சு?" என்று மேஜையைத் தட்டியபோது எனக்கே புல்லரித்தது. கிளப் மேலாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். கேலரிய பழைய மாதிரியே விட்டுடலாம், அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. குறையற வருமானத்த மட்டும் எங்கயாவது சரிக்கட்டணும். இப்ப மேற்கு ஸ்டாண்டுக்கு கார் பார்க்கிங் இலவசமா இருக்கு. அதுக்கு ஒரு சின்னக் கட்டணம் வெச்சா முடிஞ்சுது" என்றார் மேலாளர்.

நம்மவர் தண்ணீர் குடித்தார். மெதுவாகக் குடித்தார். "விலை ஒரு விஷயமே இல்ல சார். மனசுதான் விஷயம்" என்றார்.

பிறகு அவர் சொன்ன யோசனைதான் யோசனை. சத்தம் போடுகிறவர்களை ஏன் ஒரே இடத்தில் குவித்து வைக்க வேண்டும்? அவர்களை இலவசமாகக் கூப்பிட்டு, வரிசைக்கு ஒருவராக மைதானம் முழுக்கப் பரவலாக உட்காரவைத்தால் சத்தமும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுமே! சத்தம் என்ன உப்பா, பரவலாகத் தூவ என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். செலவில்லாத யோசனைக்குக் கை தட்டாத கூட்டம் உண்டா? 'உற்சாகத் தூதர்' என்று முதுகில் எழுதிய ஆரஞ்சு மேலங்கிகள் தைக்கப்பட்டன. பழைய கேலரி கதை அத்தோடு முடிந்தது. அதை நம்மவர் தொண்டையிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "உனக்கு என் பக்கத்து சீட்டே வாங்கிட்டேன் மச்சான்!"

அடுத்த ஆட்டத்துக்குத் தொண்டை வந்தான். மேலங்கி அவனுக்குக் கொஞ்சம் சின்னது. நான் அவர்களுக்குப் பின் வரிசையில் இருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் எழுந்து, பழக்கதோஷத்தில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, முதல் அடியை எடுத்தான். அப்பா, என்ன குரல்! காபிக் கோப்பைகள் அதிர்ந்தன. எடுத்துவிட்டு, அடுத்த அடிக்காகக் காத்திருந்தான். அறுபது எழுபது பேர் அவனையே பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். ஒருவரும் திருப்பிக் கத்தவில்லை.

நம்மவர் அவன் மேலங்கியைப் பிடித்து மெல்ல இழுத்தார். "மச்சான், கத்து. நல்லா கத்து. ஆனா உக்காந்து கத்தேன், பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குதாம்."

உட்கார்ந்து கத்தினான். முன் வரிசைப் பெண்மணி காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார். நம்மவர் அவரிடம் கைகூப்பி, "நம்ம பையன்தாங்க, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டான்" என்று மன்னிப்புக் கேட்டார்.

"பாட்டு வேணாம் மச்சான், கை மட்டும் தட்டு."

கை தட்டினான்.

"இப்ப பந்து நம்ம பக்கம் இல்லையே, இப்ப எதுக்கு?"

நிறுத்திவிட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, மேலாளர் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தார். தொண்டை அவர் பக்கம் திரும்பினான். அப்புறம் சொன்னான்: "மாமா, நான் ஒருத்தன் கத்தறதுக்காகவா அங்க போய் நிக்கறேன்? பக்கத்துல இருக்கறவன் திருப்பிக் கத்துவான், அதுக்குத்தான் கத்தறேன்." இடைவேளையில் மேலங்கியைக் கழற்றி, மடித்து இருக்கையில் வைத்துவிட்டு வெளியே போனான். மற்ற ஸ்டாண்டுகளிலும் ஆரஞ்சு நிறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது.

இரண்டாம் பாதியில் நம் அணி கோல் போட்டது. அருமையான கோல். மேற்கு ஸ்டாண்டு முழுக்கச் செல்போன்கள் எழுந்தன. கோல் போட்ட ஆட்டக்காரர் ஓடி வந்து இரண்டு கைகளையும் காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். கொஞ்சம் கைதட்டல் கேட்டது, அதுவும் அடங்கியது. பாவம், அவர் கைகளைக் கீழே இறக்கப்போன நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கர்ஜனை வந்தது பாருங்கள்! பஞ்சர் கடை டிவியில் எதுவும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். கோல் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தொண்டையின் குரல் முதல் அடியை எடுத்தது. தெரு மொத்தமும் இரண்டாம் அடியைத் திருப்பிக் கொடுத்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மவர் செல்போனைச் சுவரை நோக்கி நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா சார்? களைகட்டிடுச்சு!" என்றார்.

கிளப் நிர்வாகமும் கேட்டது. அடுத்த மாதம், சுவரை ஒட்டிய இருக்கைகளுக்கு விலையை ஏற்றினார்கள். உற்சாகப் பகுதி என்று பெயர். நம்மவர் முதல் ஆளாகப் போய் அங்கே இடம் மாற்றிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். முந்தின நாள் மச்சானைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருந்தாராம். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு சின்ன உதவி கேட்டாராம். "நீங்க கத்தறது எங்களுக்குக் கொஞ்சம் லேட்டா வருது மச்சான். கோல் விழுந்து, நாங்க பார்த்து, அப்புறமாதான் கேக்குது. அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடியே கத்திட முடியுமா?"

"அதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டான் சார். பொண்ணக் கூட்டிக்கிட்டு எழுந்து போயிட்டான். என் வீட்டுக்காரி வேற, 'நீங்களே ஒரு வாட்டி கத்திப் பாருங்களேன்'ங்கறா. நல்லா இருக்கே! நான் எப்படி சார் கத்தறது? நான்தான் டிக்கெட் வாங்கிட்டு உள்ள உக்காந்திருக்கேனே!"

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். அடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை படித்ததில் ஓர் இடத்திலாவது வாய்விட்டுச் சிரித்தீர்களா? அல்லது பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கால் மட்டும் லேசாக ஒரு காற்றை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்களா? படித்து முடித்துவிட்டு, "இப்பல்லாம் முன்ன மாதிரி சிரிக்கச் சிரிக்க யார் எழுதறாங்க?" என்று யாரிடமாவது சொல்லலாமென்று வாயெடுக்கிறீர்களா?

அப்படியானால் மேற்கு ஸ்டாண்டில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. தொண்டை எழுந்து போனானே, அதே இருக்கை. மெத்தை போட்டது. விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.