முப்பத்தோரு இரவு விருந்தாளி

"தோன்கா, ஜனவரி மாசம் முழுக்க நம்ம வீட்டுல தங்கினது யாரு?"

வங்கி அனுப்பிய கணக்குத்தாளை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு கேட்டார் யெர்கோ. 'நகராட்சி, விருந்தினர் வரி, ஒரு நபர், முப்பத்தோரு இரவு' என்று போட்டு அதில் பணம் பிடித்திருந்தார்கள். குளிர்காலத்தில் அந்த ஏட்ரியாட்டிக் கடல் தீவுக்குக் கடற்பறவைகூட யோசித்துத்தான் வரும்.

மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பவே இல்லை. "முப்பத்தோரு யூரோதானே? விட்டுத் தள்ளு."

யெர்கோ விட்டுத் தள்ளுகிற ஆள் இல்லை. நாற்பது வருஷம் கப்பல் எஞ்சின் பார்த்தவர். சத்தம் கொஞ்சம் மாறினாலும் தூக்கம் வராது. வங்கிக்குப் போன் போட்டு, நகராட்சிக்கு இனி ஒரு காசு போகக் கூடாது என்று நிறுத்திவைத்தார். அடுத்த வாரமே தண்ணீர்க் கட்டணம், குப்பை வரி எல்லாம் கட்டாமல் நின்று, அபராதத்தோடு வந்து சேர்ந்தன. கூடவே பிப்ரவரிக்கான விருந்தினர் வரியும்.

இதய டாக்டரைப் பார்க்கப் படகேறிய நாளில், பக்கத்துத் தீவிலிருந்த நகராட்சி அலுவலகத்துக்கும் போனார். அங்கே வரிப் பிரிவில் நெவென்கா என்ற பெண் அதிகாரி.

"எங்க வீட்டுல ஒரு விருந்தாளியும் இல்லம்மா."

"பதிவேட்டுல இருக்கே. பேசாம கட்டிட்டுப் போங்களேன்?"

"முடியாது! யாரு அந்த ஆளு?"

"விசாரணைக்கு முன்னாடி சொல்லக் கூடாதுங்க. புகார் எழுதிக் கொடுத்தா, நான் நேர்ல வந்தே ஆகணும். யோசிச்சுக்குங்க."

எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை நெவென்கா வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஒருவரும் இல்லை. அதற்குள் வடக்கத்திக் காற்று கிளம்பி, படகு திரும்பப் போகவில்லை. மூன்று இரவு அங்கேயே தங்கி, தோன்கா வைத்த மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டாள். நான்காம் நாள் காலை ஒரு ரசீது கிழித்துக் கொடுத்தாள்.

"விருந்தினர் ஒருவர், மூணு இரவு. அது நான்தான். சட்டம் சட்டம்தானே?"

"யாரும் இல்லைன்னு பார்க்க வந்ததுக்கும் எனக்கே வரியா?" யெர்கோவின் முகம் சிவந்தது. "முதல்ல அந்த ஆளு பேரைச் சொல்லும்மா!"

நெவென்கா பெருமூச்சோடு பதிவேட்டைத் திறந்தாள். "விருந்தினர் பெயர், யெர்கோ. வயசு எழுபத்து மூணு. பதிவு செய்தவர், வீட்டுக்காரி தோன்கா."

யெர்கோ மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். தோன்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"பின்னே என்ன? வர்றே, சாப்பிடறே, தூங்கறே. ஐம்பது வருஷமா துண்டு எங்கேன்னு கேக்கறே. இதுக்கு வேற பேரு இருந்தா சொல்லு."

"அந்தப் பேரை அடிச்சு எடுங்கம்மா! இப்பவே!"

துறையில் படகு ஊதியது. நெவென்கா பதிவேட்டை மூடிப் பையில் வைத்தாள். தோன்காவைக் கும்பிடாத குறையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அடிக்க முடியாதுங்க. குளிர்காலத்துல இருபது விருந்தாளியாவது இல்லாத தீவுக்குப் படகு கிடையாதுன்னு மேலிடத்துல சொன்ன மறுநாளே, இந்த ஊர்ப் பொம்பளைங்க இருபது பேர் வரிசையா வந்து அவங்கவங்க புருஷனை விருந்தாளின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. வரிசையில முதல் ஆளு உங்க வீட்டம்மா."