இரண்டாவது தொட்டிக்கும் மருந்து

ஆராய்ச்சிக்குக் கல் நெஞ்சு வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தச் சரக்கு கிடையாது. (மூளை மட்டும் எனக்கு ஏராளம் என்று அப்போது ஊரே நம்பிக்கொண்டிருந்தது, நான் உட்பட.)

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். இறால்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வெண்புள்ளி வைரஸுக்கு, கடற்பாசியிலிருந்து பிரித்த மருந்தைச் சோதிப்பதுதான் என் புராஜெக்ட். பழவேற்காட்டில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, காவல் பார்க்கும் இறால் பண்ணையில் ஒரு கொட்டகை கிடைத்தது. இரண்டு தொட்டி. இரண்டிலும் வைரஸை ஏற்றியாயிற்று. ஒன்றுக்கு மட்டும் தீனியில் மருந்து. முடிவு சரியாக வராவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

நான் காலேஜுக்குப் போகும் நாட்களில் தீனி போடுவது நைனாவின் வேலை. அதனால் அவருக்குப் பாடமே எடுத்தேன்.

"இறாலோட செல்லுல ஒட்டிக்கறதுக்குன்னே வைரஸ் மேல ஒரு புரதம் இருக்கு நைனா. நம்ம மருந்து முந்திப் போய் அந்தப் புரதத்துல ஒட்டிக்கும். வைரஸால உள்ள போக முடியாது."

"பஸ் சீட்ல துண்டு போட்டு வெக்கற மாதிரின்னு சொல்லு."

"ஐயோ, இது கெமிஸ்ட்ரி நைனா!"

இவ்வளவு பீற்றிக்கொண்டவள், இரண்டாவது தொட்டிக்கு ஏன் மருந்து கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கைடு மேடம் பார்வையிட வந்தார். மருந்துத் தொட்டியில் இறால்கள் துள்ளின. நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்த தொட்டியிலும் துள்ளின. (ஒரு பிணமாவது கிடைக்காதா என்று கையை விட்டுத் துழாவினேன். ஒன்று விரலில் கொம்பால் குத்தியது.)

"ரெண்டுமே பிழைச்சிருக்கு. மருந்து வேலை செஞ்சுதா, வைரஸே செத்துப்போச்சான்னு எப்படிச் சொல்லுவ?"

"வைரஸ்தான் மேடம் சரியில்ல!" என்று கூசாமல் பழி போட்டேன்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "வைரஸக் கொற சொல்லாத. நாந்தான் மருந்த ரெண்டுக்கும் சமமா பிரிச்சிப் போட்டேன். ஏரில மீன் புடிக்க இறங்குனா எல்லாருக்கும் பங்கு உண்டுல்ல? அதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி மேடம்?"

மேடம் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. வெளியே குட்டையில் சேறு முழங்கால் வரைதான் இருந்தது.

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. மறுமுறை இரண்டாவது தொட்டி ஒழுங்காகச் செத்தது. மேடம் கைகொடுத்தார். நைனா அன்று மதியம் சாப்பிடவில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது. வீட்டுக்காரர் தட்டில் ஒரு நண்டு கூடுதலாக விழுந்தால் போதும், நைனா தன் தட்டை என் முன்னே தள்ளுவார்.

"மேடம், இந்தத் தொட்டி செத்தா பரவால்லியா?"