ஊரார் முட்டிக்கு வாத்தியார்

பயிற்சி செய்யாமலே பயிற்சியில் கரைகண்டவர்கள் என்றொரு இனம் உண்டு. முழங்காலில் தசைநார் கிழிந்தால் இவர்கள் நோயாளி ஆவதில்லை; நேரே நிபுணர் ஆகிவிடுவார்கள். சந்தேகமா? நம் பெயின்ட் கடை மேலாளரைப் பாருங்கள்.

மைத்துனனோடு இறகுப்பந்து ஆடப் போனவர், வயதை மறந்து எம்பிக் குதித்தார். இறங்கும்போது அவர் ஒரு பக்கம் திரும்பினார், முட்டி ஒரு பக்கம் திரும்பியது. தசைநாரில் பாதி கிழிசல்.

"ஒழுங்கா பயிற்சி செஞ்சா தொடைத் தசை பலமாகி முட்டியைத் தாங்கிடும். இல்லேன்னா ஆபரேஷன்தான்," என்றார் பிசியோதெரபி அம்மா.

ஆபரேஷன் என்றாலே மேலாளருக்கு வேர்த்துக் கொட்டும். பயந்த மனிதர் உடனே பயிற்சியில் இறங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இறங்கினார், மற்றவர்களை வைத்து. கலர் கலராக ரப்பர் பட்டைகள் வாங்கிவந்து, சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, மூட்டுவலி என்று முனகிய மாமியாரைத் தரையில் படுக்கவைத்து, "முட்டியை மடக்காம காலைத் தூக்குங்க அத்தை, தொடையை இறுக்குங்க, மூச்சைப் பிடிக்காதீங்க," என்று விரட்டி, அதுவும் போதாமல் கடையில் விற்பனையாளர்களை பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒற்றைக்காலில் நிறுத்தினார். வாடிக்கையாளர்கள் இரண்டு காலில் காத்திருந்தார்கள்.

"நீங்க எப்பங்க செய்யப்போறீங்க?" என்பார் மனைவி.

"மனசுக்குள்ள செஞ்சுட்டுத்தான் இருக்கேன்."

பரிசோதனை நாள் வந்தது. துணைக்கு மாமியார். கிளினிக் வாசலில், காருக்குள்ளேயே, மேலாளர் காலை அவசர அவசரமாக நீட்டி மடக்கிக்கொண்டார்.

"தினமும் செய்றீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல மேடம்."

"அப்ப அடிபட்ட கால்ல மட்டும் நில்லுங்க."

நின்றார். அதாவது, நிற்கப் பார்த்தார். முட்டி வெடவெடத்தது, கைகள் காற்றில் நீந்தின, மறுநொடி பிசியோதெரபி அம்மாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார். மூலையிலோ மாமியார் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் ஆடாமல் அசையாமல் நின்றார்.

"இப்படி நில்லுங்க மாப்பிள்ளை. தொடையை இறுக்குங்க."

பிசியோதெரபி அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அடுத்த மாசமும் இப்படியே வந்தா ஆபரேஷனுக்கு எழுதிடுவேன். அம்மா, இவரை நீங்களே கவனிச்சுக்கோங்க."

மாமியார் கவனித்துக்கொண்டார். காபி கையில் வருமுன் கால் மேலே போயாக வேண்டும். காய்ச்சல் என்றாலும் தலைவலி என்றாலும் விடுமுறை கிடையாது. முதல் வாரம் மேலாளர் முறைத்தார், இரண்டாம் வாரம் கெஞ்சினார், பிறகு பேசத் தெம்பில்லாமல் செய்தார். ஒரு நாள் விடிகாலையில், பல் துலக்கும்போது, அடிபட்ட அந்த ஒற்றைக்காலிலேயே தான் நின்றுகொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தவர், வாயில் நுரையோடு வீடு முழுக்கக் கூவிக் கூவி எல்லோரையும் எழுப்பிவிட்டார். ஆபரேஷன் பேச்சு அதோடு போயிற்று.

சிரிக்கிறீர்கள். நல்லது. கழுத்து வலிக்கு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைப் பக்கத்து மேசைக்காரருக்கு நேற்று அவ்வளவு அழகாக விளக்கினீர்களே, அதை நீங்கள் கடைசியாகச் செய்தது எப்போது?