ராமலட்சுமி வரவில்லை

கோவில்பட்டிக் கல்வி அலுவலகம் ஒன்றின் சிறப்புக் கல்விப் பிரிவில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்ந்த ஸ்டெல்லாமேரிக்கு ஒரு பதிவேடும் ஆட்டங்காணும் நாற்காலியும் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. பீரோவுக்குள் ஒரு காது மிஷின் பூட்டிக் கிடந்தது. அதை உரிய பிள்ளைக்கு வழங்கினால்தான் அவளுக்குச் சான்றிதழ்.

பிள்ளையும் வந்துவிட்டது. பசுவந்தனையிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஏழு வயது ராமலட்சுமியைக் கூட்டி வந்தாள் தாய் வெயிலுகந்தம்மாள். பிள்ளைக்குக் காது மந்தம். மிஷின் இல்லாமல் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

கண்காணிப்பாளர் பரமசிவன், "ராமலட்சுமி!" என்று மூன்று தடவை கூப்பிட்டார். பிள்ளை மின்விசிறியை வேடிக்கை பார்த்தது. 'வரவில்லை' என்று எழுதினார்.

"சார், உங்க முன்னாலதான நிக்கா!" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"நிக்கிறது வேற, வருகை வேறம்மா. கூப்பிட்டா பதில் வரணும். விதி."

"காது கேக்காதே சார்."

"அதுக்காக விதிய இன்னும் சத்தமாவா எழுத முடியும்?"

மறுவாரம் பேர் கூப்பிட்டதும் தாய்க்காரி பிள்ளையின் சடையை ஓர் இழுப்பு இழுத்தாள். ராமலட்சுமி கையைத் தூக்கினாள்.

பரமசிவன் முகம் மலர்ந்தார். "நல்லாக் கேக்குதே! கேக்கிற பிள்ளைக்கு மிஷின் எதுக்கு?"

"அய்யா, கேக்கலன்னா வரலைங்கிய, வந்தா கேக்குதுங்கிய. எம்மவ எப்படித்தான் செவிடா இருக்கணும்?"

"அத விண்ணப்பத்துல தெளிவா எழுதிட்டு வா."

ஸ்டெல்லாமேரி எழுதினாள். 'சென்ற வாரம் கை தூக்கியது சடைவலியால். காது கேளாமையின் பொருட்டு, பதில் சொல்வதிலிருந்து மட்டும் ஒருநாள் விடுப்பு அளிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.'

விடுப்பு விண்ணப்பம் என்றால் அந்த அலுவலகத்தில் யாரும் தட்டமாட்டார்கள். பரமசிவனுக்கே கண் கலங்கிவிட்டது. மிஷின் கிடைத்தது. ராமலட்சுமி பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் பேட்டரி வாங்க வந்தார்கள்.

"ராமலட்சுமி!"

முதல் கூப்பாட்டிலேயே பிள்ளை திரும்பிச் சிரித்தது.

"குணமாயிட்டு! குணமான பிள்ளைகிட்ட அரசாங்க மிஷின் இருக்கக் கூடாது. கழட்டு."

"கழட்டினா கேக்காதே சார்!"

"அப்பம் புதுசா விண்ணப்பம் போடட்டும். உனக்கு நல்ல காலம்மா. வழங்கினதும் நீ, மீட்டதும் நீ. இந்தா, சான்றிதழ்."

'ஒரு செவிட்டுப் பிள்ளையைப் பூரணமாகக் குணப்படுத்தியவர்' என்று அதில் எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது.

ஸ்டெல்லாமேரி மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சான்றிதழைப் படித்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.

"டீச்சரம்மா!" என்று பின்னாலிருந்து வெயிலுகந்தம்மாள் மூன்று தடவை கூப்பிட்டாள். ஸ்டெல்லாமேரி காதில் விழவே இல்லை.

ராமலட்சுமிதான் ஓடிவந்து, அவள் சடையை வெடுக்கென்று இழுத்தாள்.